பன்றிகளில் கொழுப்புச் சேர்க்கையை மரபுவழியில் மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் புதிதாக இனவிருத்தியில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த மரபணுவைப் பரிசோதிக்கலாம்?" என்றுதான். வரிசை அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. கொழுப்புச் சேர்க்கை நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தீர்மானிக்கும் பண்பு. தனியாகப் பெயர் சொல்லத்தக்க பெரிய மரபணுக்கள் சில உண்டு. ஆனால் ஒழுங்கான அளவீடு கையில் இல்லாமல் அவற்றைப் பரிசோதிப்பதால் பெரிய பலன் கிடைக்காது. முதலில் அடையாளம், பிறகு அளவீடு, பிறகு திருத்தம், பிறகு மதிப்பீடு, அதற்குப் பிறகுதான் மரபணு. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எடைத்தராசு, காதில் பொருத்தும் எண் வில்லைகள், முதுகுக் கொழுப்பை அளக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி, பன்றி நேராக நிற்கும் அளவுக்குக் குறுகலான ஒரு கூண்டு, தாய் தந்தை விவரத்தோடு கூடிய பிறப்புப் பதிவேடு. கணக்குக்குச் சாதாரண விரிதாள் போதும்.

இவற்றில் எது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், பிறப்புப் பதிவேடு இல்லாவிட்டால் மட்டும் முடியாது. தந்தை யாரென்று தெரியாத குட்டியின் அளவு, அந்தக் குட்டியைப் பற்றி மட்டும்தான் ஏதாவது சொல்லும்.

1. எந்தக் கொழுப்பு, எந்தப் பன்றியில் என்று முடிவு செய்யுங்கள்

பன்றியின் உடலில் கொழுப்பு நான்கு இடங்களில் சேர்கிறது: தோலுக்கு அடியில், தசைகளுக்கு இடையில், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றி, தசைக்குள்ளேயே இழையாக. தோலடிக் கொழுப்பு அதிகமானால் தீவனம் வீண். தசைக்குள் ஓடும் கொழுப்பு குறைந்தாலோ இறைச்சி வறட்டுத்தன்மை கொள்கிறது. "கொழுப்பு வேண்டாம்" என்ற ஒரே கட்டளையால் இரண்டையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாது.

தீவனம் ஏன் வீணாகிறது? ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 39 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது, புரதத்தில் சுமார் 24. அதோடு, சேரும் கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு. தசையோ முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே ஒரு கிலோ கொழுப்பு வளர்க்க ஆகும் தீவனம், ஒரு கிலோ தசை வளர்க்க ஆவதைவிடப் பல மடங்கு.

அடுத்ததாக வழியைப் பிரியுங்கள். இறைச்சிக்குப் போகும் குட்டிகளுக்குத் தந்தையாகும் வழி ஒன்று, அவற்றைப் பெறும் தாய்களை உருவாக்கும் வழி இன்னொன்று. முதல் வழியில் மெலிந்த உடல் நல்லது. இரண்டாவது வழியில் ஓரளவு கொழுப்பு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பால் கொடுக்கும் வாரங்களில் தாய் தன் கொழுப்பைக் கரைத்துத்தான் குட்டிகளை வளர்க்கிறாள். இரண்டு வழிக்கும் ஒரே இலக்கு வைத்த பண்ணைகளில், சில தலைமுறைகள் கழித்து, இரண்டாம் மூன்றாம் ஈற்றிலேயே தாய்கள் சளைத்துப்போவதைப் பார்க்கலாம்.

2. அடையாளத்தையும் தாய் தந்தையையும் உறுதிப்படுத்துங்கள்

பிறந்த அன்றே எண் போடுங்கள். அதிகக் குட்டிகள் உள்ள ஈற்றிலிருந்து சிலவற்றை வேறு தாயிடம் பாலுக்கு மாற்றுவது வழக்கம். மாற்றும்போது பெற்ற தாய், பால் கொடுத்த தாய் என இரண்டையும் எழுதுங்கள். மரபுக்கு முதலாவது, வளர்ச்சிக்கு இரண்டாவது.

இரண்டு ஆண்களின் விந்தைக் கலந்து செலுத்தும் பழக்கம் இருந்தால், தேர்வுக்குரிய ஈற்றுகளில் அதை நிறுத்துங்கள். ஐயம் வந்தால் டி.என்.ஏ. வழியாகத் தந்தையை உறுதிசெய்யலாம். ஆனால் நல்ல பதிவேட்டைவிட மலிவானது எதுவும் இல்லை.

3. ஒரே சூழலில் வளர்ந்தவற்றை ஒரே குழுவாக்குங்கள்

ஒரே வாரத்தில் பிறந்து, ஒரே கொட்டகையில், ஒரே தீவனத்தில் வளர்ந்தவற்றை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பாலினத்தையும் பிரியுங்கள்: விதை நீக்காத ஆண் மிக மெலிந்தது, பெண் அதற்கு அடுத்து, காயடித்த ஆண் அதிகக் கொழுப்புடையது. இந்த வேறுபாடு ஹார்மோனால் வருவது. மூன்றையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தினால் தேறுவது எல்லாமே விதை நீக்காத ஆண்களாகத்தான் இருக்கும்.

தீவன விஷயத்தில் புதியவர்கள் கவனிக்காத இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று, லைசின் என்ற அமினோ அமிலம் குறைவான தீவனம். தசை வளர்க்கும் மரபுத்திறன் எவ்வளவு இருந்தாலும், கட்டுமானப் பொருள் இல்லாவிட்டால் தசை வளராது. மிஞ்சும் ஆற்றல் கொழுப்பாகத்தான் போகும். அப்படிப்பட்ட கொட்டகையில் நல்ல மரபுள்ள பன்றியும் கொழுத்துத்தான் தெரியும்.

மற்றொன்று, அளந்து போடும் தீவனம். சில மரபணுக்கள் பசியின் வழியாகவே வேலை செய்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போட்டால், அதிகம் தின்னும் இயல்புள்ளது எது என்று தெரியாமலே போய்விடும். ஆகவே தேர்வுக்குரிய குழுவுக்குச் சமச்சீரான தீவனத்தை வேண்டிய மட்டும் தின்ன விடுங்கள்.

4. முதுகுக் கொழுப்பை ஒரே இடத்தில் அளந்து எழுதுங்கள்

பரவலாகப் பயன்படுவது பி2 எனப்படும் இடம். கடைசி விலா எலும்பின் நேரே, முதுகின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 65 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. கடைசி விலாவை வயிற்றுப் பக்கத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே மேலே ஏறிக் கண்டுபிடியுங்கள். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக வைத்தால் ஒரு விலா தள்ளிப்போவது சாதாரணம், அந்த ஒரு விலா தூரத்திலேயே தடிமன் மாறிவிடும்.

பன்றி நான்கு காலையும் சமமாக ஊன்றி நிற்க வேண்டும். பயத்தில் முதுகை வளைத்தாலோ ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ கொழுப்பு அமுங்கி அல்லது குவிந்து அளவு மாறும். கொஞ்சம் தீவனத்தை முன்னால் வைத்து, அது அமைதியாகும் வரை காத்திருங்கள். முடி அடர்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் கத்தரித்து, ஜெல் தாராளமாகத் தடவி, கருவியை அழுத்தாமல் வையுங்கள்.

திரையில் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பன்றியின் முதுகுக் கொழுப்பு ஒரே பாளமல்ல, மெல்லிய சவ்வுகளால் பிரிந்த அடுக்குகள். வெளி அடுக்கும் நடு அடுக்கும் தெளிவாகத் தெரியும். மூன்றாவது உள் அடுக்கு மெலிந்த பன்றிகளில் மிக மெல்லியதாக, தசையோடு ஒட்டினாற்போல இருக்கும். தொடக்கக்காரர்கள் நடு அடுக்கின் அடிக்கோட்டையே தசையின் மேல்விளிம்பு என்று நினைத்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அளவு குறைந்து பதிவாகும், அந்தப் பன்றி தவறாகத் தேர்வாகும். கோட்டுக்குக் கீழே நீள்முதுகுத் தசையின் நார்கள் தெரிகின்றனவா என்று பார்த்தபின் எழுதுங்கள். நீள்முதுகுத் தசை என்பது முதுகுத்தண்டின் இருபுறமும் ஓடும் நீண்ட தசை.

தோலைச் சேர்த்து அளப்பதா, விட்டு அளப்பதா என்பதை முதல் நாளே முடிவுசெய்து, பதிவேட்டின் மேலே எழுதிவிடுங்கள். எதுவானாலும் சரி, நடுவில் மாற்றக் கூடாது. ஒரு குழுவை ஒரே ஆள் அளக்கட்டும். அதே நாளில் சில பன்றிகளை மறுபடி கொண்டுவந்து, முதல் எண்ணைப் பார்க்காமல் அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அடிக்கடி விலகினால், தேர்வைத் தொடங்காமல் அளக்கும் கையைப் பழக்குங்கள்.

5. எடைக்கு ஏற்பத் திருத்துங்கள்

நான் பார்த்தவரை அதிகம் பேர் விட்டுவிடும் படி இது. பன்றி வளர வளரக் கொழுப்பு தடிக்கும். எல்லாவற்றையும் ஒரே எடையில் அளப்பது நடைமுறையில் முடியாது. எனவே அளந்ததை ஒரு பொது எடைக்கு, சொல்லப்போனால் 100 கிலோவுக்கு, கொண்டுவர வேண்டும்.

உங்கள் பண்ணையின் பழைய அளவுகளை எடுத்து, கிடை அச்சில் எடை, நெடு அச்சில் கொழுப்பு என்று புள்ளிவைத்து ஒரு நேர்கோடு வரையுங்கள். கோட்டின் சாய்வுதான் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிமீட்டர் கூடுகிறது என்பது. பாலினத்துக்கும் இனத்துக்கும் தனித்தனிக் கோடு வேண்டும்.

எடுத்துக்காட்டாக, சாய்வு கிலோவுக்கு 0.12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதல் பன்றி 92 கிலோ, கொழுப்பு 10 மி.மீ. இரண்டாவது 112 கிலோ, 12 மி.மீ. எண்ணை மட்டும் பார்த்தால் முதலாவதே மெலிந்தது. திருத்திப் பாருங்கள்:

முதலாவது: 10 + (8 × 0.12) = 10.96 மி.மீ.
இரண்டாவது: 12 − (12 × 0.12) = 10.56 மி.மீ.

இரண்டாவதே மெலிந்தது, இரண்டும் ஒரே வயதென்றால் வேகமாக வளர்ந்ததும் அதுதான். திருத்தாமல் தேர்ந்திருந்தால், மெலிந்தது என்று நினைத்து மெதுவாக வளரும் பன்றியைப் பிடித்திருப்போம். பல தலைமுறை அப்படிச் செய்தால் மந்தை முழுதும் வளர்ச்சி மந்தமாகும்.

100 கிலோவிலிருந்து 15 கிலோவுக்கு மேல் விலகியவற்றைத் திருத்தாமல் பட்டியலிலிருந்து விடுங்கள். அவ்வளவு தூரத்துக்கு நேர்கோடு நம்பத்தக்கதல்ல.

6. மரபு மதிப்பைக் கணக்கிடுங்கள்

முதுகுக் கொழுப்பின் மரபுவழித்திறன் பெரும்பாலான ஆய்வுகளில் 0.4 முதல் 0.5 வரை வருகிறது. அதாவது பன்றிகளுக்கிடையே தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி, பெற்றோரிடமிருந்து குட்டிக்குக் கடத்தப்படும் வகையைச் சேர்ந்தது. ஈற்றின் குட்டி எண்ணிக்கைக்கு இது 0.1 அளவுதான். அதனால்தான் கொழுப்பில் தேர்வு வேகமாகப் பலிக்கிறது. தவறான திசையிலும் அதே வேகத்தில் பலிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எளிய கணக்கு இது. குழுவின் சராசரி 14 மி.மீ. தேர்ந்த ஆண்கள் தங்கள் சராசரியைவிட 3 மி.மீ. குறைவு, பெண்கள் 1 மி.மீ. குறைவு. பெற்றோரின் சராசரி மேம்பாடு 2 மி.மீ. அதை 0.45ஆல் பெருக்கினால் 0.9 மி.மீ. அடுத்த தலைமுறையில் எதிர்பார்க்கக்கூடிய குறைவு இவ்வளவுதான். முழு 2 மி.மீ. குறையும் என்று எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் பலர்.

பன்றியின் சொந்த அளவோடு அதன் உடன்பிறப்புகள், பெற்றோர், குட்டிகள் ஆகியவற்றின் அளவுகளையும் சேர்த்து மதிப்பிடும் 'பிளப்' முறை இதைவிடத் துல்லியம். இனவிருத்தி அமைப்பு எதிலாவது உறுப்பினராக இருந்தால் அவர்களே கணக்கிட்டுத் தருவார்கள். எந்த முறையானாலும் கொழுப்பை மட்டும் வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். தினசரி எடைக்கூடுதல், கால்களின் உறுதி, தாய் வழியானால் முலைக்காம்புகளின் எண்ணிக்கை, ஈற்றுக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்து ஒரே குறியீடாகக் கூட்டுங்கள்.

7. இப்போது பெரிய மரபணுக்களைப் பரிசோதியுங்கள்

முதலில் நீக்க வேண்டியது: ஆர்.ஒய்.ஆர்.1. ஹாலோத்தேன் மரபணு என்று பழைய பெயர். இது உருவாக்கும் புரதத்தின் 615ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டீன் வரும் மாற்றத்தை 1991இல் கண்டறிந்தார்கள். இந்த மாற்றம் உள்ளவை மெலிந்து, தசை திரண்டு, பார்க்க அழகாக இருக்கும். அதனால்தான் கண்ணால் தேர்பவர்கள் இவற்றையே பிடித்துவிடுகிறார்கள். இரண்டு பிரதியும் இருந்தால் வண்டியில் ஏற்றும்போதே அதிர்ச்சியில் சாகலாம், இறைச்சி வெளிறி, தளர்ந்து, நீர் கசியும். ஒரு பிரதி மட்டும் சுமப்பவை ஹாலோத்தேன் என்ற மயக்க வாயுவைக் கொடுத்துப் பார்க்கும் பழைய சோதனையில் தப்பிவிடும். டி.என்.ஏ. பரிசோதனைதான் அவற்றைக் காட்டும். பியட்ரேன் இனத்தில் இது அதிகம். சுமப்பவற்றைத் தாய் வழியில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

ஹாம்ப்ஷயர் இன இரத்தம் மந்தையில் இருந்தால் பி.ஆர்.கே.ஏ.ஜி.3 பரிசோதனையும் வேண்டும். இதில் வரும் மாற்றம் தசையில் கிளைக்கோஜனை மிகுதியாகச் சேர்த்து, அறுத்தபின் இறைச்சியை அமிலமாக்குகிறது. சமைக்கும்போது எடை இழப்பு அதிகம். ஒரு பிரதியே போதும், விளைவு தெரியும். ஹாம்ப்ஷயர் கலப்பே இல்லாவிட்டால் இதில் பணம் போட வேண்டாம்.

எம்.சி.4.ஆர் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு. அதன் புரதத்தின் 298ஆம் இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதில் ஆஸ்பரஜின் உள்ளவை அதிகம் தின்னும், வேகமாக வளரும், கொழுப்பும் கூடச் சேர்க்கும். இது நல்லதா கெட்டதா என்று ஒரே பதில் கிடையாது. பசி குறைந்து வளர்ச்சி மந்தமான மந்தையில் இது உதவும், ஏற்கெனவே கொழுத்த மந்தையில் வேண்டாம். 3ஆம் படியில் வேண்டிய மட்டும் தின்ன விடுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

அதிகக் கவனம் கேட்பது ஐ.ஜி.எஃப்.2. 2ஆம் குரோமோசோமில், இந்த மரபணுவின் மூன்றாவது இன்ட்ரானில் (புரதமாக மாறாத இடைப்பகுதியில்) ஜி என்ற டி.என்.ஏ. எழுத்து ஏ ஆக மாறிய ஒற்றை மாற்றம். 2003இல் வெளியான கண்டுபிடிப்பு. ஏ வடிவத்தில் ஓர் அடக்கும் புரதம் ஒட்ட முடியாமல் போகிறது, தசையில் இந்த மரபணு சுமார் மூன்று மடங்கு அதிகம் இயங்குகிறது. தசை கூடுகிறது, முதுகுக் கொழுப்பு குறைகிறது.

சிக்கல் என்னவென்றால், இது தந்தையிடமிருந்து வந்த பிரதி மட்டுமே பேசும் மரபணு. தாயிடமிருந்து வந்த பிரதி தசையில் வாயடைத்துக் கிடக்கும். இதன் விளைவுகளைப் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே தவறு செய்கிறார்கள்.

இரண்டு பிரதியும் ஏ ஆன ஏஏ ஆணை, இரண்டும் ஜி ஆன ஜிஜி தாயோடு சேர்த்தால் எல்லாக் குட்டிகளும் மெலிந்த வகை. ஜிஜி ஆணை ஏஏ தாயோடு சேர்த்தால் ஒரு குட்டியிலும் அந்தப் பலன் தெரியாது. இரண்டு சேர்க்கையின் குட்டிகளுக்கும் அறிக்கையில் ஒரே ஏஜி என்றுதான் வரும். எனவே ஏஜி என்ற முடிவு மட்டும் போதாது, ஏ யாரிடமிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். பிறப்புப் பதிவேடு இங்கே மறுபடி வந்து நிற்கிறது.

இன்னொன்று: தாயிடமிருந்து ஏ பெற்ற ஏஜி ஆண் தன் உடலில் அந்தப் பலனைக் காட்டாது, அளவீட்டில் பின்தங்கும். ஆனால் அதன் குட்டிகளில் பாதிக்கு ஏ போய், அவற்றில் பலன் முழுதாகத் தெரியும்.

இதையே நமக்குச் சாதகமாக்கலாம். இறைச்சிக் குட்டிகளின் தந்தை வழியை முழுதும் ஏஏ ஆக்குங்கள். தாய்களை உருவாக்கும் வழியில் ஆண்களை ஜிஜி ஆக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தாய்களின் உடலில் பேசுவது ஜி, அவை பால்காலத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அவற்றின் குட்டிகளில் பேசுவது இறைச்சி வழித் தந்தையின் ஏ, அவை மெலிந்து வளரும். தாய்க்கும் குட்டிக்கும் வேண்டியது வேறு வேறு என்ற முதல் படியின் சிக்கலை ஒரே மரபணு இவ்வளவு சுத்தமாகத் தீர்ப்பது இனவிருத்தியில் அரிது.

பல்லாயிரம் இடங்களை ஒரே தடவையில் படிக்கும் டி.என்.ஏ. சிப் 2009 முதல் பன்றிக்கு உண்டு. ஆனால் அதை மரபு மதிப்பாக மாற்ற, அதே இனத்தில் அளவும் டி.என்.ஏ.வும் சேர்ந்த பெரிய அடிப்படைக் கூட்டம் தேவை. தனிப் பண்ணை ஒன்றால் அது ஆகாது, வேறு இனத்தில் கட்டிய சமன்பாடும் உங்கள் மந்தைக்குச் சரியாகப் பொருந்தாது.

8. தசைக்குள் கொழுப்பைத் தனியே கவனியுங்கள்

முதுகுக் கொழுப்புக்கும் தசைக்குள் ஓடும் கொழுப்புக்கும் மரபுத் தொடர்பு உண்டு, ஆனால் அது வலுவானதல்ல. ஒன்றைக் குறைத்தால் மற்றது மெல்லத் தானும் குறையும். கவனித்தால் பிரித்து நிறுத்தலாம். தசைக்குள் கொழுப்பின் மரபுவழித்திறனும் 0.5ஐ ஒட்டியே இருக்கிறது.

உயிரோடு இருக்கும் பன்றியில் எளிய கருவிகளால் இதை நம்பத்தகுந்தபடி அளக்க முடியாது. தேர்ந்த ஆணின் உடன்பிறப்புகள் அறுப்புக்குப் போகும்போது நீள்முதுகுத் தசையில் ஒரே இடத்திலிருந்து துண்டெடுத்து ஆய்வகத்தில் கொழுப்புச் சதவீதம் பாருங்கள். 2 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து வந்தால் எச்சரிக்கை. ட்யூராக் இனம் இந்தப் பண்பில் முன்னிற்பது, பியட்ரேன் பின்தங்கியது.

கொழுப்பின் தன்மையையும் தொட்டுப் பாருங்கள். பன்றி தன் நிறைவுற்ற கொழுப்பைத் தானே, முக்கியமாகக் கொழுப்புத் திசுவிலேயே, செய்துகொள்கிறது. லினோலிக் அமிலம் என்ற நிறைவுறாத, இளகிய கொழுப்போ தீவனத்திலிருந்து மட்டுமே வருகிறது. மிக மெலிந்த பன்றியில் தானே செய்வது குறைந்து லினோலிக் பங்கு உயர்வதால் கொழுப்பு குழைந்து, எண்ணெய்ப் பசையாக இருக்கும்.

9. சேர்க்கைத் திட்டம் போடுங்கள்

குறியீட்டில் முதலிடம் பிடித்த ஓர் ஆணை எல்லாப் பெண்களுக்கும் விடாதீர்கள். நெருங்கிய உறவுச் சேர்க்கை ஒரு தலைமுறைக்கு 1 சதவீதத்துக்கு மேல் ஏறாமல், பல ஆண்களைச் சமமாகப் பயன்படுத்துங்கள். உறவுச் சேர்க்கை ஏறினால் முதலில் அடிபடுவது குட்டி எண்ணிக்கையும், குட்டிகள் உயிர் பிழைப்பதும்.

வெவ்வேறு இனங்களைக் கலந்தால் குட்டி எண்ணிக்கையிலும் வீரியத்திலும் பெற்றோர் சராசரியைத் தாண்டிய கூடுதல் கிடைக்கும். முதுகுக் கொழுப்பில் அது மிகக் குறைவு, குட்டி ஏறக்குறைய இரண்டு இனங்களின் நடுவில் நிற்கும். கலப்பே கொழுப்பைச் சரிசெய்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

10. தாய்களையும் குட்டிகளையும் பார்த்துத் திருத்துங்கள்

ஒவ்வொரு தாயையும் ஈனும் முன்பும் குட்டி பிரிக்கும் அன்றும் அதே பி2 இடத்தில் அளந்து பாருங்கள். ஈனும்போதே மெலிந்தவை, பால்காலத்தில் அதிகம் கரைப்பவை, மறுபடி பருவத்துக்கு வரத் தாமதிப்பவை ஒரே ஆணின் மகள்களாக இருந்தால், அந்த ஆணைத் தாய் வழியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பிறந்த குட்டியின் உடலில் கொழுப்பு மிக மிகக் குறைவு. மற்றப் பல பாலூட்டிகளின் குட்டிகளுக்கு வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பில் இயங்கும் யூ.சி.பி.1 மரபணு பன்றிகளில் செயலிழந்துவிட்டது. நடுங்கித்தான் சூடேற்றிக்கொள்ள வேண்டும். மெலிவுக்காகத் தேர்ந்த வழியில் முதல் நாள் குட்டி இறப்பு ஏறுகிறதா என்று பதிவேட்டில் தனியே பாருங்கள்.

11. மாறியது மரபா, தீவனமா என்று பிரித்தறியுங்கள்

ஆண்டுக்கு ஆண்டு சராசரி குறைகிறது என்பதாலேயே மரபு முன்னேறிவிட்டது என்று எண்ணாதீர்கள். தீவனமோ கொட்டகையோ மாறியிருந்தாலும் சராசரி நகரும். பழைய ஆண்களின் விந்து உறைநிலையில் இருந்தால், சில பெண்களுக்கு அதைச் செலுத்தி, அந்தக் குட்டிகளை இன்றைய குட்டிகளோடு ஒரே கொட்டகையில் வளருங்கள். இரண்டு குழுக்களின் வேறுபாடு தந்தைகளின் வழியாக மட்டும் வருவதால், அதை இரண்டால் பெருக்கினால் தலைமுறைகளின் உண்மையான மரபு முன்னேற்றம் கிடைக்கும்.

5ஆம் படியின் சாய்வை ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிடுங்கள். மந்தை மெலிய மெலிய ஒரு கிலோவுக்குக் கூடும் கொழுப்பும் குறையும், பழைய சாய்வு எடை கூடியவற்றுக்குத் தகாத சலுகை தரும்.

பயன்படுத்திய ஒவ்வொரு ஆணின் முடியையும் வேரோடு பிடுங்கி, எண் எழுதிய காகித உறையில் ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். மகள் ஒன்றின் ஏஜி முடிவுக்கு முன்னால் குழம்பி நிற்கும் நாளில் அந்த உறையைத்தான் தேடுவீர்கள்.